சஹனுக்கு ஆறாவது ஆள்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒரு வரிசையைக் கண்டால் எல்லோரும் அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்வார்கள். பளீல் ஸேர் ஒட்டமாட்டார். ஓரமாக நின்று, குடையைத் தரையில் ஊன்றி, வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் வரும்; சனம் ஏறும்; பஸ் போகும். அவர் ஏறமாட்டார். அடுத்த வரிசைக்கு நகர்வார்.

ஒரு நாள், புதிதாக வேலைக்கு வந்த பொலிஸ்காரர் ஒருவர் இதைக் காலையிலிருந்து கவனித்துவிட்டு மத்தியானம் வந்து ஸேரின் முழங்கையைப் பிடித்தார். பஸ் ஏறாமல் வரிசை வரிசையாகச் சுற்றுகிறவன் பிக்பொக்கட்காரனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? நியாயமான சந்தேகம். சட்டைப்பையைத் துழாவினார். இராணுவத் தொண்டர் படையின் அடையாள அட்டை வந்தது: மேஜர். மற்றப் பையைத் துழாவினார். பல்கலைக்கழக அட்டை வந்தது: சிரேஷ்ட விரிவுரையாளர். பொலிஸ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை, கூடிவிட்டது. ஒரே காலையில் ஒரு மேஜரிடமும் ஒரு விரிவுரையாளரிடமும் கை வைத்த கெட்டிக்காரனைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் பொலிஸ் நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஸேர் செய்த முதல் வேலை, முறைப்பாடு கொடுக்க வந்தவர்களின் வரிசை ஏன் நகரவில்லை என்று பொறுப்பதிகாரிக்கு விளக்கத் தொடங்கியது. அவரை உடனே விட்டுவிட்டார்கள்.

முஹம்மது பளீல் பிலிமத்தலாவைக்காரர். தகப்பனுக்குக் கொழும்பு வீதியில் ஒரு பலசரக்குக் கடை. பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் கழித்து, புலமைப்பரிசிலில் இங்கிலாந்துக்குப் போனான். போகும்போது கணிதம் படிக்கப் போனவன், வரும்போது செயற்பாட்டு ஆய்வு என்ற ஒன்றைப் படித்துக்கொண்டு வந்தான். இருக்கிற ஆளையும் சாமானையும் வைத்துக்கொண்டு ஒரு வேலையை எப்படிச் சுருக்கமாக முடிப்பது என்று கணக்குப் போடுகிற விஞ்ஞானம் அது. உலகப்போரில் கப்பல்களையும் விமானங்களையும் எங்கே அனுப்புவது என்று யோசிக்கப் பிறந்தது. போர் முடிந்ததும் தொழிற்சாலை, துறைமுகம், தொலைபேசி நிலையம் என்று பரவியது. அதிலும் பளீலுக்குப் பிடித்த கிளை, வரிசைகளைப் பற்றியது. ஆட்கள் ஏன் காத்துநிற்கிறார்கள், எவ்வளவு நேரம், எப்படிக் குறைப்பது.

தகப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீ டொக்டரும் இல்ல, இஞ்சினியரும் இல்ல."

"இல்ல வாப்பா."

"சனம் வரிசைல நிக்கிறதப் பாக்கிறதுக்கா கப்பல் ஏறிப் போன?"

"நிக்காமப் பண்றதுக்கு வாப்பா."

"சரி. பொண்ணு வீட்டாளுகளுக்கு நான் என்னண்டு சொல்ற?"

"சயன்டிஸ்ட் எண்டு சொல்லுங்க."

தகப்பன் அப்படியே சொன்னார். பெண் கிடைத்தாள். பெயர் பாயிஸா. அவளுடைய மூத்த சகோதரர் ஹலீமுக்கு பிலிமத்தலாவையில் புடவைக் கடை. ஹலீமுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அந்தப் பக்கத்தில் எந்தக் கலியாணமானாலும் சாப்பாட்டை நடத்திக்கொடுப்பவர் அவர்தான். எத்தனை ஆடு, எத்தனை மரக்கால் அரிசி, யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். கணக்குத் தெரிந்த மச்சான் வாய்த்ததில் அவருக்கும் முதலில் மகிழ்ச்சிதான்.

பேராதனையில் மகாவலிக் கரையில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் பளீலுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அவருடைய பகுதியில் லெட்சுமணன் என்றொரு பியோன். கலஹாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பெரும்பாலும் பிந்தி வருகிறவர். மற்ற விரிவுரையாளர்கள் திட்டுவார்கள். பளீல் திட்டமாட்டார். கண்கள் விரிய, "இண்டைக்கு எங்க சுணங்கிச்சு? எந்த வளைவில? முன்னால போன பஸ் நிறைஞ்சா போச்சு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

"சும்மா ரெண்டு வார்த்த ஏசிட்டு விட்ருங்க ஸேர்," என்பார் லெட்சுமணன். "இதுக்கெல்லாம் பதில் சொல்றதுக்கு நான் நேரத்துக்கே வந்துட்டுப் போயிருவேன்."

அறுபதுகளின் நடுவில் பளீல் தொண்டர் படையில் சேர்ந்தார். வார இறுதியில் அணிவகுப்பு, வருடத்துக்கு ஒரு முறை தியத்தலாவையில் முகாம். துவக்கு மேல் ஆசையில்லை, சீருடை மேலும் அவ்வளவாக இல்லை. உலகத்திலேயே ஒழுங்காக நிற்கிற வரிசைகள் இராணுவத்தில்தான் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தார். அவற்றைக் கிட்ட நின்று பார்க்க ஆசை.

பார்த்தார். முதல் முகாமிலேயே காலைத் தேநீர் வரிசை அவர் கண்ணை உறுத்தியது. ஒரே வாளி, ஒரே அகப்பை, ஒரு முழுக் கம்பனி. வாளிகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நேரம் குறித்துக்கொடுத்தார். வரிசை மாயமாய் மறைந்தது. இரண்டு நாள் கழித்து, வாளி இல்லாத ஓர் இடத்தில் அதே வரிசை முளைத்தது. தேநீர் இல்லை, ஒன்றும் இல்லை. சிப்பாய்கள் கையில் வெறுங்கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது, யாருடைய மனைவிக்கு எத்தனையாவது மாதம், எந்த அதிகாரிக்கு இன்று வயிற்றுவலி என்ற செய்தியெல்லாம் அந்த வரிசையில்தான் கைமாறும் என்பது கெப்டன் பளீலுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேர்ணல் அவரைக் கூப்பிட்டு, எடுத்த வரிசையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடும்படி உத்தரவிட்டார். பளீல் சல்யூட் அடித்துவிட்டு வந்து அதைத் தன் ஆராய்ச்சிக் குறிப்பில் எழுதிக்கொண்டார். எழுதினாரே தவிரப் படித்துக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்றில் இளைஞர் கிளர்ச்சியால் நாடு கலங்கியபோது தொண்டர் படையை முழுநேரச் சேவைக்கு அழைத்தார்கள். பளீலிடம் லொறிகளைக் கொடுத்தார்கள். பாதைகள் மரம் வெட்டிப் போட்டு மறிக்கப்பட்டிருந்த மலைநாட்டில், எந்த முகாமுக்கு எந்த வழியால் பாணும் பருப்பும் போய்ச்சேரும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த மாதங்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. யாராவது வற்புறுத்தினால், "எல்லாருக்கும் பாண் போச்சு," என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். அதற்காகத்தான் மேஜர் பதவி கொடுத்தார்கள்.

மச்சானோடு சண்டை வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் ஹலீமின் கடையில் கால் வைக்க இடமிருக்காது. துணி கிழிக்கிறவரே காசு வாங்குவார், அவரே பொதி கட்டுவார். சனம் வாசல் தாண்டி வீதி வரை நிற்கும். பளீல் பார்த்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

"மச்சான், மூணு மேசை போடுங்க. ஒண்டுல கிழிக்கிற, ஒண்டுல காசு, ஒண்டுல பொதி. ஒரு குருவி கூடக் காத்து நிக்காது."

"நிக்காதா?" என்றார் ஹலீம் ஆசையோடு.

நிற்கவில்லை. வந்த சனம் வந்த வேகத்தில் வாங்கிக்கொண்டு போனது. கடை பளிச்சென்று காலியாக இருந்தது. கொழும்பு வீதியில் போகிற பஸ்களின் ஜன்னல்களிலிருந்து பார்த்தவர்களுக்கும் காலியாகத்தான் தெரிந்தது. பெருநாள் நெருங்குகிற நேரத்தில் காலியாக இருக்கிற புடவைக் கடையில் என்ன இருக்கப்போகிறது? எதிர்ப் பக்கத்துக் கடையில் சனம் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. பஸ்ஸை நிறுத்தி அங்கே இறங்கினார்கள். பெருநாள் முடிந்தபோது ஹலீமின் அலுமாரிகளில் துணி வைத்தது வைத்தபடியே இருந்தது.

இதையாவது ஹலீம் மன்னித்திருப்பார். பளீல் அடுத்துச் செய்ததுதான் பெரிய வேலை. அவர் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வரிசை என்பது வாடிக்கையாளரை விரட்டும் என்றுதான் அதுவரை எல்லோரும் எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற வரிசை வாடிக்கையாளரை இழுக்கவும் செய்யும் என்று பளீல் காட்டினார். இங்கிலாந்தில் அச்சானது. நாலு நாட்டிலிருந்து பாராட்டு வந்தது. அதன் பலத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர் பதவியும் வந்தது. கடையின் பெயரைப் போடவில்லை; மலைநாட்டுச் சிறுநகர் ஒன்றிலுள்ள 'எச்' என்னும் புடவைக் கடை என்று மட்டும் கண்ணியமாக எழுதியிருந்தார். அந்தச் சிறுநகரில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் அதைக் கடைக் கதிரையில் உட்கார்ந்து ஹலீமுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

"எண்ட நட்டத்தக் கொண்டு போய் வெள்ளைக்காரனுக்குக் காட்டிப் பேர் எடுத்தீக்கிறான்," என்றார் ஹலீம். அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது. பாயிஸா வந்தால் தேத்தண்ணி உண்டு, பிள்ளை றமீஸா வந்தால் தாவணித் துணி உண்டு. பளீல் வந்தால் ஹலீம் அளவுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எழுபத்தொன்பதில் றமீஸாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை அக்குறணைக்காரர். பாயிஸா அண்ணனை அழைக்கப் பிலிமத்தலாவைக்குப் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நானா வருவாராம். மாப்பிள்ளைட கையப் பிடிச்சு முஸாபஹா செய்வாராம். புள்ளட தலைல கை வெச்சு துஆச் செய்வாராம். சஹன்ல மட்டும் ஒக்கார மாட்டாராம்."

சஹன் என்பது பெரிய வட்டத் தாம்பாளம். நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, ஓலை மூடியால் மூடிக் கொண்டுவருவார்கள். பாயில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். ஆறாவது ஆள் உட்காரும் வரை மூடியைத் திறப்பதில்லை. கலியாண வீட்டுக்கு வந்து சஹனில் உட்காராமல் போவது, வராமலே இருப்பதைவிட மோசம். அதுவும் பெண்ணின் தாய்மாமன்.

"மாமா சாப்பிடாமப் போன கலியாணம் எண்டு எண்ட புள்ளய வாழ்நாள் முழுக்கச் சொல்லுவாங்க," என்றாள் பாயிஸா. "எண்ட நானா சஹன்ல கை வெக்கணும். அவ்வளவுதான். நீங்க என்ன விஞ்ஞானம் செய்வீங்களோ எனக்குத் தெரியா."

பளீல் மூன்று நாள் யோசித்தார். பாயிஸா குசினியிலிருந்து வந்து பார்த்தபோது வீட்டிலிருந்த சாசர்கள் எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. ஸேர் முழந்தாளில் நின்று அவற்றைச் சுற்றிக் கடலை வைத்துக்கொண்டிருந்தார்.

"எனத்துக்கு இதெல்லாம் தரைல வெச்சீக்கீங்க?"

"ஒங்கட நானா ஏன் ஒக்கார மாட்டேங்கிறார்? மறுக்கிறதுக்கு நேரம் ஈக்கிறதால. சாதாரணமாக் கலியாண வீட்டுல எனத்த நடக்கும்? நாலு பேர் ஒக்காந்து ரெண்டு பேரத் தேடுவாங்க. நீங்க வாங்க, இல்ல நீங்க வாங்க எண்டு கையப் பிடிச்சி இழுப்பாங்க. அந்த இடைவெளிலதான் ஒரு மனுசன் மறுக்கிறான். நான் இடைவெளிய எடுக்கப்போறன். வாசல்ல வந்த ஒழுங்கிலயே ஆறு ஆறாப் பிரிச்சு நேரா ஒக்கார வெக்கிற. ஆள் ஒக்காரும்போதே சஹன் வந்து எறங்கும். 'மாட்டேன்' எண்டு சொல்ல வாய் தொறக்க முந்தி 'பிஸ்மி' சொல்லியாகணும்."

பாயிஸா ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். "இது எண்ட நானா எண்டு வெச்சிக்கொள்ளுங்க," என்றாள். "இப்ப இந்தச் சாசர்ல அஞ்சுதான் ஈக்கி."

"அதுக்கும் ஆள் ஈக்கி," என்றார் மேஜர் பளீல். "சேமப் படை."

சேமப் படை என்பது அவருடைய லொறிப் பிரிவிலிருந்து அழைத்த ஆறு சிப்பாய்கள், கூட லெட்சுமணன். எல்லோரும் சாரமும் வெள்ளைச் சட்டையும். எங்கே சஹனில் ஓர் இடம் விழுகிறதோ அங்கே உடனே ஒருவர் போய் உட்கார்ந்து எண்ணிக்கையை நிரப்பவேண்டும். இராணுவ வரலாற்றில் எந்த அழைப்புக்கும் ஆட்கள் இவ்வளவு சந்தோஷமாக முன்வந்ததில்லை.

கலியாண நாள். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. வாசலில் பளீல் நின்றார், கையில் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் கெண்டி. பெண்ணைப் பெற்றவன் தன் கையாலே விருந்தாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அவருக்கு அது எண்ணுவதற்கும் வசதி. ஆறு பேர் உள்ளே, சஹன் இறங்கு. ஆறு பேர் உள்ளே, சஹன் இறங்கு. ஹலீம் முதல் கூட்டத்திலேயே வந்தார். மச்சானின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார், தண்ணீரை வாங்கினார், ஐந்தாவது ஆளாக உள்ளே போனார். பளீலின் இதயம் இராணுவ பாண்ட் வாத்தியம் வாசித்தது.

சஹன் இறங்கியது. ஹலீம் இடுப்பை மடக்கினார், பாயைத் தொட்டார், தொட்டவர் தொட்ட வேகத்திலேயே நிமிர்ந்தார். "தொப்பிய மறந்திட்டு வந்திட்டன்," என்று சொல்லித் தலையில் இருந்த தொப்பியோடு வெளியே போனார்.

சேமப் படை பாய்ந்தது. இடம் நிரம்பியது.

இரண்டாவது முறை ஹலீமுக்குத் தும்மல் வந்தது. மூன்றாவது முறை அக்குறணையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். பெரியவர் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்தவர். அவர் விட்ட இடத்திலும், அங்கங்கே மற்றவர்கள் விட்ட இடங்களிலும் சேமப் படை மாறி மாறிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டது. அதில் ஒரு சிக்கல். சஹனில் அவரவர் முன்னால் இருக்கிற பகுதியைத்தான் அவரவர் சாப்பிடவேண்டும். இறைச்சியை அங்குள்ள மூத்தவர் பிய்த்துப் பங்கு வைப்பார். லொறிப் பிரிவுக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஒரு கோப்ரல் நடு மலையைத் தாண்டி எதிரியின் பிரதேசத்துக்குள் நுழைந்து ஓர் ஆட்டுக்காலோடு திரும்பினார்.

செய்தி பந்தலெங்கும் பரவியது. "இடம் விட்டா ஆமிக்காரன் வந்து ஒக்காருவான்!" அதற்குப் பிறகு யாரும் இடம் விடவில்லை. பத்து வருடம் காணி வழக்கு நடத்திய இரண்டு பேர் தாமாகவே ஒரு சஹனில் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். சனம் ஓடி ஓடி ஆறு ஆறாகச் சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் இவ்வளவு வேகமாக ஒரு கலியாணச் சாப்பாடு நடந்ததே இல்லை. பளீலின் திட்டம் எல்லாருக்கும் வேலை செய்தது, யாருக்காகப் போட்டதோ அவரைத் தவிர.

பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை இடையிடையே விலகும். பாயிஸாவின் ஒரு கண் தெரியும். "ஒக்காந்தாரா?" பளீல் தலையை ஆட்டுவார், இல்லை என்று. திரை மூடும்.

கடைசிச் சஹன் வந்தது. அதைச் சுற்றி நான்கு பேர்: பந்தல் கட்டியவர், பள்ளிவாசல் மோதினார், அடுப்படியில் நின்ற இரண்டு பேர். ஐந்தாவதாக ஹலீம் வந்து, யாரும் கூப்பிடாமலே, காலை மடக்கி உட்கார்ந்தார். மூடியின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

ஆறாவது ஆளைக் காணவில்லை.

பளீல் சேமப் படையைத் தேடினார். அவர்கள் முற்றத்தில் விழுந்துகிடந்தார்கள். இருவர் சாரத்தைத் தளர்த்திக் கட்டியிருந்தார்கள். லெட்சுமணன் பாக்கு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பளீல் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும், சாப்பிட அல்ல, சாட்சிக்குத்தான் ஆவார் என்று தெரிந்தது.

ஹலீம் மூடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "லெட்சுமணன், நெய்ச்சோறு ஆறினா மெழுகு மாதிரி ஒட்டும் எண்டு ஒங்கட ஸேருக்குச் சொல்லுங்க."

"ஸேர், சோறு ஆறுதாம்."

"அஞ்சு பேரோட தொடங்கச் சொல்லுங்க லெட்சுமணன்," என்றார் பளீல், கெண்டியைப் பார்த்துக்கொண்டு.

"மொதலாளி, அஞ்சு பேரோட தொடங்கணுமாம்."

"அஞ்சு பேருக்கு மூடி தொறந்த கலியாணம் எண்ட கையால நடந்ததில்ல. ஆறாவது ஆள் எங்க எண்டு கேளுங்க."

"ஆறாவது ஆளு எங்கன்னு கேக்குறாரு ஸேர். என்னையப் பாக்காதீங்க. நான் நாலு தட்டுல இருந்து எந்திரிச்சவன். இன்னும் ஒரு உருண்ட உள்ள போச்சுன்னா என்னய லொறில ஏத்தித்தான் கலஹாவுக்கு அனுப்பணும்."

"கணக்கில பிழையில்லை எண்டு சொல்லுங்க," என்றார் பளீல். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "வாசலால வந்த ஒவ்வொருத்தரையும் எண்ணினேன். எல்லாரும் ஒக்காந்தாச்சு. இனி ஆளே இல்ல."

"அவர் தன்னை எண்ணினாரா எண்டு கேளுங்க."

லெட்சுமணன் திரும்பினார். கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கெண்டித் தண்ணீர் பளீலின் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இங்கிலாந்தில் படித்த நாளிலிருந்து அவர் போட்ட கணக்கு ஒவ்வொன்றிலும் வரிசையில் நிற்பவர்கள் ஒரு பக்கம், பரிமாறுகிறவன் மற்றப் பக்கம். பரிமாறுகிறவன் வரிசைக்கு வருவதில்லை. அவனுக்குப் பசிக்கும் என்று எந்தச் சமன்பாட்டிலும் எழுதியிருக்கவில்லை.

ஹலீம் இப்போது லெட்சுமணனை விட்டுவிட்டார். நேராகப் பார்த்தார்.

"எத்தின கலியாணச் சாப்பாடு நடத்தின மனுசன் நான். பொண்ணுட வாப்பா கடைசிச் சஹன்லதான் ஒக்காருவார். சின்னப் புள்ளக்கும் தெரிஞ்ச விசயம். சும்மா சும்மா எழும்பி எழும்பிப் போனது எனத்துக்கு எண்டு நெனச்சீங்க? எனக்குத் தும்மல் வருத்தமா? இந்த முழங்கால வெச்சிக்கொண்டு மூணு தரம் ஒக்காந்து எழும்பினது ஒங்களோட ஒரு சஹன்ல ஒக்காரத்தான். ஒக்காருங்க மச்சான்."

பளீல் உட்கார்ந்தார். கெண்டியோடு உட்கார்ந்தார், லெட்சுமணன்தான் அதை வாங்கி வைத்தார். திரைச்சீலை அரை முழம் விலகியிருந்தது, மூட மறந்துபோய்.

ஹலீம் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொறுங்க. கை வெக்க முந்தி ஒண்டு ஈக்கி. எண்ட கடைட கூட்டத்த நீங்கதான் கொண்டு போனீங்க. எனக்கு அதத் திருப்பித் தரணும்."

"கூட்டத்த எப்பிடி மச்சான்..."

"சயன்டிஸ்ட் ஆர், நீங்களா நானா?"

பளீல் முற்றத்தைப் பார்த்தார். அங்கே விழுந்துகிடந்த சேமப் படையைப் பார்த்தார். அச்சான தன் கட்டுரையின் முடிவுரையை நினைத்துப் பார்த்தார். எழுதிவிட்டுப் படித்துக்கொள்ளாத எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்த மாதிரி அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு ஏறியது.

"பெருநாளைக்கு முந்தித் தாரன்," என்றார்.

"பிஸ்மில்லாஹ்," என்று ஹலீம் மூடியைத் திறந்தார். சோற்றில் கை வைத்தார்.

"வெச்சாச்சு! நானா கை வெச்சாச்சு!" திரைக்குப் பின்னால் பாயிஸாவின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. மணப்பெண் சிரித்ததும் கேட்டது. ஹலீம் எதுவும் கேட்காதவர்போல இறைச்சியைப் பிய்த்துப் பங்கு வைத்தார். மோதினாருக்கு நெஞ்சுத் துண்டு. அடுப்படிக்காரர்களுக்குத் தொடை. பளீலின் முன்னால் ஒரு பெரிய கழுத்தெலும்பை, சதை இல்லாததாகப் பார்த்து வைத்தார்.

"இது கடை 'எச்'க்காக," என்றார். கொஞ்சம் பொறுத்து, தன் பங்கிலிருந்த ஈரலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இது றமீஸாட வாப்பாக்கு."

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை, பிலிமத்தலாவையில் ஹலீமின் புடவைக் கடை வாசலில் ஒரு வரிசை நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட, முதுகு நிமிர்ந்த சில ஆண்கள். உள்ளே போவார்கள், துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பக்கக் கதவால் வெளியே வந்து மறுபடி வாலில் நிற்பார்கள். தேநீர் வரிசையில் பழகிய ஆட்கள், பேச்சுக்குப் பஞ்சமில்லை. லெட்சுமணன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சட்டைத் துணியின் விலையைச் சத்தமாக விசாரித்தார். கண்டிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பஸ் நின்றது.

மத்தியானத்துக்குள் வரிசையில் உண்மையான சனம் எது, சேமப் படை எது என்று ஹலீமுக்கே பிரிக்கத் தெரியவில்லை. பின்னேரம் சிப்பாய்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் போனதும் வரிசை கொஞ்சம் உள்வாங்கிவிட்டது. வீதியிலிருந்து பார்த்தால் தூண் மறைத்தது. எதிர்ப் பக்கத்தில் குடையை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவரை ஹலீம் கைகாட்டி அழைத்தார்.

"மச்சான், ஒரு ஆள் கொறயிது. வந்து நில்லுங்க. தூணுக்கு வெளிய, பஸ்ஸுக்குத் தெரியிற மாதிரி."

பளீல் வந்து வாலில் நின்றார். அவருடைய வாழ்க்கையில் அதுதான் அவர் போய்ச் சேர்ந்த முதல் வரிசை என்று பாயிஸா இன்றைக்கும் சொல்வாள். நின்று ஒரு நிமிடம் ஆகவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் பின்னால் வந்து நின்றாள்.

"எனத்துக்கு வரிசை?" என்று கேட்டாள்.

"தெரியா," என்றார் ஸேர், உண்மையாகவே கூச்சத்தோடு.

"அப்ப நல்ல சாமானாத்தான் ஈக்கும்," என்று அவள் தன் மகளையும் கூப்பிட்டாள்.

வரிசை நகர்ந்தது. பளீல் தன் முறை வந்து மேசை முன்னால் நின்றார். ஹலீம் அளவுகோலைத் தட்டி, முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல, "எனத்த வேணும்?" என்றார்.

பளீல் யோசித்தார். அதைப் பற்றி அவர் கணக்கே போட்டிருக்கவில்லை. பக்கக் கதவால் வெளியே வந்து மறுபடி வாலில் போய் நின்றார்.